‘பர்ஃபெக்ட்’ என்ற சொல்: பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், பேக்கிங், மெர்ச்சண்டைசிங் (வாங்குகிறவரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பது) பார்க்கிறவர்கள். மீதிப் பேர் கல்லூரி முடித்து இண்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள். எந்த பேட்ச் வந்தாலும் ‘பர்ஃபெக்ட்’ என்ற சொல்லைப் பற்றி யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். கரும்பலகை முன்னால் நின்று துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

‘பர்ஃபெக்ட்’ என்றால் குறையே இல்லாதது என்றுதானே பொருள்?

இன்றைக்கு அப்படித்தான் புழங்குகிறது. ஆனால் சொல் பிறந்த இடத்தில் குறை என்ற பேச்சே இல்லை. ‘செய்து முடித்தது’ என்பதுதான் அதன் முதல் பொருள்.

லத்தீன் மொழியில் ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். ‘பெர்’ என்பது முன்னொட்டு; ஊடாக, கடைசிவரைக்கும் என்று அர்த்தம். இரண்டும் சேரும்போது நடுவில் உயிரெழுத்து மாறி ‘பெர்ஃபிகெரே’ ஆகிறது: ஒரு வேலையைக் கடைசிவரை கொண்டுபோய் முடித்தல். அப்படி முடிந்த பொருளுக்கு ‘பெர்ஃபெக்டுஸ்’ என்று பெயர். நம் ‘பர்ஃபெக்ட்’ அங்கிருந்து வந்ததுதான்.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் பத்திரிகைத் தொடர்கதை. வாராவாரம் கடைசி வரியில் ‘தொடரும்’ என்று போடுவார்கள். கதை முடிகிற வாரம் ‘முற்றும்’ என்று போடுவார்கள். அந்த ‘முற்றும்’தான் லத்தீன்காரர் சொன்ன ‘பெர்ஃபெக்டுஸ்’. கதை நன்றாக இருந்ததா, சுமாரா என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. கதை முடிந்தது, அவ்வளவுதான் செய்தி.

அப்படியானால் ‘குறையில்லாதது’ என்ற பொருள் எப்படி ஒட்டிக்கொண்டது?

இதற்கு எங்கள் அப்பாரைத்தான் (தாத்தாவைத்தான்) நினைத்துக்கொள்வேன். சென்னிமலையில் தறி வைத்திருந்தார், பெட்ஷீட் நெய்வார். கடைசி ஊடை (குறுக்கு இழை) விழுந்ததும் “முடிஞ்சுதுங்களா அப்பாரு?” என்று கேட்டால் பதில் வராது. துணியைத் தறியிலிருந்து அறுத்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, மடித்து அடுக்கின பிறகுதான் “முடிச்சுப்போட்டேன் சாமி” என்பார்.

அவருக்கு முடிப்பது என்றால் இனிமேல் அதில் கைவைக்க ஒன்றும் பாக்கியில்லை என்ற நிலை. அந்த நிலைக்கு வந்த துணியில் தப்பும் இருக்காது. ‘முடிந்தது’ என்பதிலிருந்து ‘பாக்கியில்லாதது’, அதிலிருந்து ‘குறைவில்லாதது’, அதிலிருந்து ‘குறையில்லாதது’: லத்தீனிலேயே இந்தச் சொல் இப்படி நகர்ந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு வரும்போது இரண்டு பொருளையும் சேர்த்தே சுமந்து வந்தது. இன்றைக்குப் பின்னதுதான் பெரிதாகத் தெரிகிறது. முன்னது அடியில் கிடக்கிறது. பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கண்டு மிரள்வதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். ‘குறையில்லாமல் செய்’ என்றால் கை நடுங்கும். ‘கடைசிவரை செய்’ என்றால் உட்கார்ந்து செய்துவிடுவார்கள்.

லத்தீனிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு வந்ததா?

இல்லை, பிரெஞ்சு வழியாக வந்தது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. பழைய பிரெஞ்சில் இந்தச் சொல் ‘பார்ஃபிட்’. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் ஒரு வீரரைப் பாராட்டும்போது ‘பார்ஃபிட்’ என்றுதான் எழுதுகிறார். நடுவில் ‘க்’ ஒலி கிடையாது. பின்னால் வந்த படித்தவர்கள், ‘இது லத்தீன் சொல் அல்லவா, அந்த எழுத்தை ஏன் விட்டோம்?’ என்று பழைய எழுத்தைத் திரும்பச் செருகினார்கள். மெல்ல மெல்ல வாயும் அந்த எழுத்துக்குப் பழகிக்கொண்டது.

பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தில் மட்டும் ஒரு ‘ட்’ வைத்துக்கொண்டு ‘பார்ஃபே’ என்று சொல்கிறார்கள். ஐஸ்கிரீம் கடை மெனுவில் உயரமான கண்ணாடி டம்ளரில் வரும் ‘பார்ஃபே’ இதே சொல்தான்.

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் உறவுக்காரர்கள் உண்டா?

உண்டா என்று கேட்கிறீர்களே! திருப்பூரில் ஒரு கம்பெனிக்குள் நுழைந்தால் காதில் விழும் ஆங்கிலச் சொற்களில் பாதி இதன் அங்காளி பங்காளிதான்.

‘ஃபேக்டரி’ என்பது செய்கிற இடம், அதே ‘ஃபாகெரே’. ‘மேனுஃபேக்சர்’ என்பதில் ‘மனு’ என்றால் கை, ஆக கையால் செய்தல். இன்றைக்கு மெஷின் செய்தாலும் சொல்லுக்குள் கை இருக்கிறது. ‘ஆஃபீஸ்’ என்பதில் வேலையைக் குறிக்கும் ‘ஓபுஸ்’ என்ற சொல்லும் இந்தச் செய்தலும் சேர்ந்திருக்கின்றன. ‘ஃபேஷன்’ என்பது பிரெஞ்சு வழியாக வந்தது. செய்கிற விதம் என்று பொருள். ‘சர்டிஃபிகேட்’ என்றால் உறுதி செய்தது. ‘ப்ராஃபிட்’ என்பதில் ‘ப்ரோ’ என்றால் முன்னால்; வேலை முன்னேறியது, அதனால் கிடைத்தது லாபம். ‘பெனிஃபிட்’ என்றால் நல்லதாகச் செய்தது.

செக்கிங் டேபிளில் நாள் முழுக்கச் சொல்கிற ‘டிஃபெக்ட்’ இருக்கிறதே, அது ‘பர்ஃபெக்ட்’டின் கூடப்பிறந்த பிறப்பு. ‘டெ’ என்ற முன்னொட்டு விலகிப்போவதைக் காட்டும். செய்துகொண்டே வந்து, பற்றாமல் நின்றுபோனது ‘டிஃபெக்ட்’. கடைசிவரை போனது ‘பர்ஃபெக்ட்’. பட்ஜெட் செய்தியில் வரும் ‘டெஃபிசிட்’டும் இதே வினைதான், லத்தீனில் ‘பற்றவில்லை’ என்று ஒரு முழு வாக்கியம் அது. செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா இதைக் கேட்டுவிட்டு, “அப்போ டிஃபெக்ட்டுன்னா கெட்ட பீஸ் இல்லீங்களா, பாதியில நின்ன பீஸா?” என்றார். வகுப்பில் அன்று அதைவிட நல்ல விளக்கத்தை நானும் சொல்லவில்லை.

இன்னும் பின்னால் போனால்? சமஸ்கிருதத்தோடு தொடர்பு உண்டா?

உண்டு. ‘ஃபாகெரே’வுக்கு வேராக மொழியியலாளர்கள் காட்டுவது ‘வைத்தல், அமைத்தல்’ என்ற பொருளுள்ள ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். அதே வேரிலிருந்து ஆங்கிலத்தின் ‘டூ’ (செய்) வந்தது. சமஸ்கிருதத்தில் அது ‘தா’ என்ற வினை. விதி, நிதி என்று நாம் தமிழில் புழங்குகிற சொற்கள் அந்த வினையிலிருந்து வந்தவை. ‘பர்ஃபெக்ட்’ தமிழிலிருந்து போனது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் மொழிக்கு அந்தப் பெருமை தேவையும் இல்லை.

‘ப்ரெசென்ட் பர்ஃபெக்ட்’ என்றால் சரியான நிகழ்காலமா?

இதைக் கேட்காத பேட்ச் கிடையாது. ‘ப்ரெசென்ட் கன்டினியூவஸ்’ தப்பான நிகழ்காலமா என்று அடுத்த கேள்வியும் வரும்.

இலக்கணத்தில் இந்தச் சொல் தன் பழைய பொருளிலேயே உறைந்து நிற்கிறது. லத்தீன் இலக்கணத்தில் முடிந்த செயலைச் சொல்லும் வினைவடிவம் ‘பர்ஃபெக்ட்’, முடியாமல் நடந்துகொண்டிருந்ததைச் சொல்வது ‘இம்பர்ஃபெக்ட்’. அதில் நல்லது கெட்டது இல்லை. ஆங்கிலத்தில் ‘ப்ரெசென்ட் பர்ஃபெக்ட்’ என்றால், செயல் முடிந்துவிட்டது, அதன் பலன் இப்போது இருக்கிறது என்று அர்த்தம்.

கொங்குத் தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதுசே இல்லை. விருந்தாளி வீட்டுக்கு வருகிறார். “வாங்க, சாப்பிடலாங்க” என்கிறோம். அவர் “சாப்பிட்டுப்போட்டுத்தானுங்க வந்தேன்” என்கிறார். அந்தப் ‘போட்டு’ என்ன செய்கிறது என்று கவனியுங்கள். சாப்பிட்ட நேரத்தை அவர் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்துவிட்டது, இப்போது பசியில்லை, இலை போட வேண்டாம் என்கிறார். மற்ற ஊர்களில் ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதை நாம் ‘சாப்பிட்டுப்போட்டேன்’ என்கிறோம். அதுதான் ‘ஐ ஹேவ் ஈட்டன்’. “நேத்து எட்டு மணிக்குச் சாப்பிட்டேன்” என்றால் அது வெறும் இறந்தகாலம். அங்கே ‘ஹேவ்’ வராது. ‘ஐ ஹேவ் ஈட்டன் யெஸ்டர்டே’ என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: நேற்று என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வேண்டாம்.

அப்புறம், தமிழ் இலக்கணத்திலும் ‘முற்று’ என்ற சொல் இருக்கிறது. ‘வந்தான்’ வினைமுற்று, ‘வந்து’ வினையெச்சம். எச்சம் என்றால் மிச்சம், பாக்கி. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவருக்குப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் ஊர் என்று கொங்கில் வழிவழியாகச் சொல்வார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த முற்றும் எச்சமும் ஞாபகம் வரும். இரண்டும் ஒன்றே என்று சொல்லவில்லை. லத்தீனில் முடிவது செயல். தமிழில் முற்றுப்பெறுவது வாக்கியத்தின் பொருள். ‘நாளை வருவான்’ என்பதும் நமக்கு வினைமுற்றுதான், அவன் இன்னும் வரவில்லை என்றாலும். ஆனால் இரண்டு மொழிக்காரர்களும் பாக்கி இருப்பது, பாக்கி இல்லாதது என்று யோசித்துப் பெயர் வைத்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வெளிநாட்டு பையர் (நம்மிடம் துணி வாங்குகிறவர்) எதற்கெடுத்தாலும் ‘பர்ஃபெக்ட்’ என்கிறாரே, அவ்வளவு பிடித்திருக்கிறதா?

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள், வேலைக்கு ஆகும்.

பேச்சிலும் மெயிலிலும் தனியாக வரும் ‘பர்ஃபெக்ட்’ பெரும்பாலும் நம் ‘சரிங்க’தான். “நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிடறேன்” என்றால் “பர்ஃபெக்ட்” என்பார். பத்து மணி என்பதில் குறையில்லை என்று அவர் ஆராய்ந்து சொல்லவில்லை. கேட்டுக்கொண்டேன், சரி என்கிறார்.

என் மாணவர் ஒருவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணி மாதிரி. “லேப் டிப்பில் நிறம் கொஞ்சம் தூக்கலாக வந்திருக்கிறது, திருத்தி வியாழக்கிழமை அனுப்புகிறோம்” என்று பையருக்கு எழுதினார். பதில் ஒரே வரி: ‘பர்ஃபெக்ட், தேங்க்ஸ்.’ அவருடைய மேலாளர் அதைப் படித்துவிட்டு, நிறம் ஓகே ஆகிவிட்டது என்று துணியைச் சாயத்துக்கு அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை பையர், புது லேப் டிப் எங்கே என்று கேட்டார். பாராட்டியது நிறத்தை இல்லை, ‘திருத்தி அனுப்புகிறோம்’ என்ற பேச்சை. அந்தத் துணி முழுவதையும் திரும்பச் சாயம் போட வேண்டியதாகிவிட்டது.

ஆகவே, ‘பர்ஃபெக்ட்’ என்று பதில் வந்தால், நாம் கடைசியாக எழுதின வாக்கியம் எது என்று பாருங்கள். அவர் சரி சொன்னது அதற்குத்தான். சாம்பிளுக்கு ஒப்புதல் வேண்டுமென்றால் ‘அப்ரூவ்ட்’ என்ற சொல் எழுத்தில் வரும்வரை கட்டிங்குக்குப் போகாதீர்கள்.

‘பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்’, ‘பர்ஃபெக்ட் ஃபூல்’ என்றெல்லாம் எழுதுகிறார்களே?

இங்கே ‘முழு’ என்று வைத்துப் படியுங்கள். முன்பின் தெரியாதவர், முழு முட்டாள். முட்டாளில் என்ன சிறப்பு வேண்டிக்கிடக்கிறது? பாக்கியில்லாமல் முட்டாள், அவ்வளவுதான். நாமும் ‘வடிகட்டின முட்டாள்’ என்கிறோம்.

‘மோர் பர்ஃபெக்ட்’ என்று சொல்லலாமா? முழுமைக்கு மேல் என்ன முழுமை?

கண்டிப்பான ஆசிரியர்கள் கூடாது என்பார்கள். ஆனால் 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகவுரையிலேயே ‘மோர் பர்ஃபெக்ட் யூனியன்’ என்று இருக்கிறது. ‘இன்னும் நிறைவான ஒன்றியம்’ என்று படித்தால் ஒரு சங்கடமும் இல்லை. பரீட்சையில் தவிர்த்துவிடுங்கள், பேச்சில் பயப்பட வேண்டாம்.

பைபிளில் ‘பர்ஃபெக்ட்டாக இருங்கள்’ என்று வருகிறதாமே? மனுஷனால் முடியுமா?

ஒரு மாணவி கண்ணில் தண்ணீரோடு கேட்ட கேள்வி இது, அதனால் விட்டுவிட மனம் வரவில்லை. மத்தேயு 5:48. தமிழ் பைபிளில் ‘பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்’ என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘தெலேயோஸ்’ என்ற சொல். ‘தெலோஸ்’ என்றால் முடிவு, இலக்கு. இலக்கை அடைந்தது, முழு வளர்ச்சி பெற்றது என்பது ‘தெலேயோஸ்’. குழந்தைக்கு எதிராக, வளர்ந்த ஆளையும் அந்தச் சொல்லால் குறிப்பார்கள். சமயப் பொருளை அவரவர் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லை மட்டும் பார்த்தால் அதில் வளர்ச்சி இருக்கிறது, நிறைதல் இருக்கிறது. தமிழில் போட்ட ‘பூரணம்’ என்ற சொல்லும் நிறைவைத்தான் சொல்கிறது. கொழுக்கட்டைக்குள் நிறைத்து வைக்கிறோமே, அதே பூரணம்.

இண்டர்வியூவில் ‘என் பலவீனம், நான் பர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ என்று சொல்லலாமா?

வேண்டாம். கேட்கிறவர்கள் அதை நூறு பேரிடம் கேட்டுவிட்டார்கள். உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய என்ன செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். சொல்லின் கதையைக் கேட்டால், 17ஆம் நூற்றாண்டில் ‘பர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ என்பது சமயவாதிகளைக் குறித்தது: மனிதன் இந்தப் பிறவியிலேயே பாவமற்ற நிலையை எட்ட முடியும் என்று நம்பியவர்கள். வேலையைத் திருத்திக்கொண்டே இருந்து முடிக்காமல் தவிப்பவர் என்ற பொருள் பின்னால் வந்தது. முடிப்பதற்குப் பிறந்த சொல், முடிக்க முடியாதவருக்குப் பெயராகிவிட்டது.

உச்சரிப்பு?

பெயரடையாக வரும்போது முதல் அசையில் அழுத்தம்: ‘*பர்*ஃபிக்ட்’. வினையாக, ‘செம்மைப்படுத்து’ என்ற பொருளில் வரும்போது இரண்டாவது அசையில்: ‘பர்*ஃபெக்ட்*’. நம் ஊரில் ‘பெர்பெக்ட்’ என்று சொன்னாலும் எல்லோருக்கும் புரியும்.

தமிழில் ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமென்றால்?

ஒரே சொல் தேடாதீர்கள், இடத்தைப் பாருங்கள். அளவெடுத்துத் தைத்த சட்டைக்குக் கச்சிதம். வேலைப்பாட்டுக்கு நேர்த்தி. மொழிக்கும் நடத்தைக்கும் செம்மை. வாழ்க்கைக்கு நிறைவு. வீட்டையும் பாத்திரத்தையும் பெரியவர்கள் ‘நறுவிசா’ வைத்திருப்பார்கள். அருமையான சொல், நம் பிள்ளைகள் வாயிலிருந்து போய்விடக் கூடாது. சொல்லின் பழைய பொருள் வேண்டுமென்றால் ‘முற்றிய’ என்பதுதான் எனக்குப் பிடித்தது. முற்றிய தேங்காய், முற்றிய மஞ்சள். தேங்காய் முற்றுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். அதில் பாதி வயதில் பறித்தால் இளநீர். இளநீரைக் குறையுள்ள தேங்காய் என்று பொள்ளாச்சியில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேறு துறைகளில் இந்தச் சொல் எப்படி வருகிறது?

தேங்காயைச் சொன்னதும் செடிநூல் ஞாபகம் வருகிறது. அங்கே மகரந்தமும் சூலகமும் ஒரே பூவில் இருந்தால் ‘பர்ஃபெக்ட்’ பூ. பருத்தி, கத்திரி, தக்காளிப் பூக்கள் அப்படி. தென்னையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே பாளையில் தனித்தனியாக இருக்கும். பூசணியிலும் பாகலிலும் ஒரே கொடியில் தனித்தனியாக. அவை ‘இம்பர்ஃபெக்ட்’. காய்ப்பில் ஒரு குறையும் இல்லை.

சங்கீதத்தில் ச – ப இடைவெளி ‘பர்ஃபெக்ட் ஃபிஃப்த்’. நம் பன்னிரண்டு சுரத்தானங்களில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் மாறாமல் நிற்பவை என்பதைப் பாட்டு கற்றவர்கள் உடனே சேர்த்துப் பார்ப்பார்கள். தாள்களின் முதுகைச் சீவி, பசை தடவி, அட்டை ஒட்டுவது ‘பர்ஃபெக்ட் பைண்டிங்’. ஈரோடு புத்தகத் திருவிழாவில் நீங்கள் வாங்குகிற மெல்லட்டைப் புத்தகங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் கட்டப்பட்டவை.

கணக்கில் ‘பர்ஃபெக்ட் நம்பர்’ உண்டு, தமிழில் நிறைவெண். ஒரு எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் அதைவிடச் சிறிய எண்களைக் கூட்டினால் அதே எண் வர வேண்டும். 6-ஐ 1, 2, 3 வகுக்கும், கூட்டினால் 6. அடுத்தது 28: 1, 2, 4, 7, 14 கூட்டிப் பாருங்கள். அதற்கடுத்து 496, பிறகு 8128. இந்த நான்கும் பழங்காலக் கிரேக்கர்களுக்கே தெரியும். அவர்கள் வைத்த பெயரும் அந்த ‘தெலேயோஸ்’தான். இதுவரை கண்டுபிடித்த எல்லா நிறைவெண்களும் இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஒன்று உண்டா என்று யாரும் காட்டவில்லை. கிடையாது என்றும் இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.